முன்னமும் மொழியும்: தமிழ்ப் புனைகதையில் உரையாடல் நடை

1. சிக்கல்

தமிழ்ப் புனைகதைகளின் உரையாடலைப் பாராட்ட வரும் திறனாய்வாளர் பலரும் ஒரே தொடரைக் கையாளுகின்றனர்; மக்கள் பேசுவதை ஆசிரியர் அப்படியே எழுதியிருக்கிறார் என்பது அத்தொடர். குறை கூற வருவோரும் இதே அளவுகோலையே திருப்பிப் பிடிக்கின்றனர். கதைமாந்தர் புத்தகத் தமிழ் பேசுகின்றனர் என்பர். அல்லது வட்டார வழக்கு மிகுந்து பொருள் விளங்கவில்லை என்பர். பாராட்டு, குறை ஆகிய இரண்டும் பேச்சின் ஒலிப்பு எழுத்தில் எந்த அளவு பதிவாகியுள்ளது என்பதையே நோக்கி நிற்கின்றன. 'வந்துவிட்டான்' என்பது 'வந்துட்டான்' என எழுதப்பட்டுள்ளதா என்று பார்க்கப்படுகின்றது. அச்சொல் யார் வாயில், யாரை நோக்கி, எந்த உரிமையோடு பிறக்கின்றது என்னும் கேள்வி பின்தள்ளப்படுகின்றது.

புனைகதை உரையாடலின் உண்மை, பேசுவோர்க்கும் கேட்போர்க்கும் இடையிலான உறவைக் காட்டும் இலக்கணக் கூறுகளிலேயே பெரிதும் தங்கியுள்ளது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கின்றது. அக்கூறுகளைக் கருதாது ஒலிப்பு எழுத்தை மட்டும் கருவியாகக் கொள்ளுமிடத்து, பேச்சு வழக்கு என்பது தாழ்ந்தோரைச் சுட்டும் அடையாளமாகச் சுருங்கிவிடுகின்றது. மொழிபெயர்ப்புக்கும் இது நேரடியாகத் தொடர்புடையது. ஒலிப்பு எழுத்தை வேற்றுமொழிக்குக் கொண்டு செல்ல வழியில்லை. உறவைக் கொண்டு செல்லப் பல வழிகள் உண்டு.

2. தொல்காப்பியம் தரும் அளவுகோல்

உரையாடலை மதிப்பிடுவதற்கான கருத்தமைப்பை மேலைத் திறனாய்விலிருந்து மட்டுமே பெறவேண்டியதில்லை. தொல்காப்பியச் செய்யுளியல், செய்யுளுக்குரிய உறுப்புகளாக முப்பத்து நான்கினைக் கூறுகின்றது. அவற்றுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், முன்னம் என்பன பேச்சு நிகழும் சூழலைப் பற்றியவை. அகப்பாடல்கள் முழுவதும் கதைமாந்தர் கூற்றுகளாகவே அமைந்தவை. அவற்றில் கதை சொல்லும் ஆசிரியர் குரல் இல்லை. ஆகவே ஒரு பாடலின் பொருளை உணர, பேசுவோர் யார், கேட்போர் யார், இடமும் காலமும் எவை என்பவற்றைச் சொற்களிலிருந்தே அறிய வேண்டியிருந்தது.

இவ்வுறுப்புகளுள் இங்குத் தனிக் கவனத்துக்குரியது முன்னம். இந்த இடத்தில் இந்தப் பேச்சு இன்னாருக்கு இன்னாரிடம் உரியது என்று கேட்போர் உணரும்படி உரைப்பதே முன்னம் என்பது நூற்பாவின் கருத்து. சொல்லின் உரிமையே இங்குப் பேசப்படுகின்றது. ஒரு சொல் ஒருவருக்கு உரியதாவது அவர் நாவில் அது எவ்வாறு ஒலிக்கின்றது என்பதனால் மட்டும் அன்று. அச்சொல்லை அக்கேட்போரிடம் அவர் கூறத்தக்கவரா, கூறத் துணிபவரா என்பதனாலும் ஆகும்.

சொல்லதிகாரக் கிளவியாக்கத்தில் இதனோடு இணைத்து எண்ணத்தக்க மற்றொரு செய்தி உள்ளது. ஒருவரைப் பன்மையால் கூறுவது வழக்கில் தோன்றிய உயர்சொல் என்றும், அது இலக்கண நெறியன்று என்றும் தொல்காப்பியர் குறிக்கிறார். மரியாதைப் பன்மை, எண்ணைக் காட்டும் இலக்கணத்துக்குள் அடங்காது, மாந்தர் உறவைக் காட்டும் வழக்காகவே தொடக்கம் முதல் உணரப்பட்டுள்ளது என்பது இதனால் விளங்கும். இன்றைய புனைகதை உரையாடலில் மிகுந்த சுமையைத் தாங்குவதும் இக்கூறேயாகும்.

3. ஒலிப்பு எழுத்து வந்த வழி

மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. அதில் ஆசிரியர் கூற்றும் மாந்தர் கூற்றும் ஏறத்தாழ ஒரே உரைநடையில் அமைகின்றன. பி. ஆர். ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வந்து 1896இல் நூலாயிற்று. இங்கே நிலை மாறுகின்றது. சிறுகுளம் என்னும் ஊரின் பெண்டிர் பேச்சும், தமிழ்ப் பண்டிதர் அம்மையப்ப பிள்ளையின் பேச்சும் வெவ்வேறாக ஒலிக்கின்றன. பதினேழு ஆண்டு இடைவெளியில் ஏற்பட்ட இம்மாற்றம் பெரிது. கதைமாந்தர் ஒவ்வொருவருக்கும் தனித்த பேச்சு உண்டு என்னும் கொள்கை தமிழ்ப் புனைகதைக்குள் நுழைந்தது.

புதுமைப்பித்தன் திருநெல்வேலிப் பேச்சையும், தி. ஜானகிராமன் தஞ்சைப் பேச்சையும், ஜெயகாந்தன் சென்னைக் குடிசைப் பகுதிப் பேச்சையும் புனைகதைக்குரியனவாக ஆக்கினர். நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' (1968) குமரி மாவட்டத்து இரணியல் வழக்கைக் கொண்டது. கி. ராஜநாராயணன் கரிசல் வழக்கை ஆசிரியர் கூற்றுக்குள்ளும் கொணர்ந்ததோடு, 1982இல் வட்டார வழக்குச் சொல்லகராதி ஒன்றையும் வெளியிட்டார்.

இவ்வழி எதிர்ப்பின்றி அமைந்ததன்று. இலங்கையில் 1960களின் தொடக்கத்தில் இதுவே 'மரபுப் போராட்டம்' எனப் பெயர் பெற்ற விவாதமாயிற்று. கே. டானியல், டொமினிக் ஜீவா போன்றோர் ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சை எழுத்தில் கொணர்ந்தபோது, மரபுவாதிகள் அதனை 'இழிசனர் வழக்கு' என்றனர். க. கைலாசபதி, கா. சிவத்தம்பி ஆகியோர் அவ்வெழுத்துக்கு ஆதரவாக நின்றனர். 'இழிசனர் வழக்கு' என்னும் தொடர் ஒலிப்பைப் பற்றியது போலத் தோன்றினும், அது மாந்தரைப் பற்றிய மதிப்பீடே. அம்மாந்தர் நூலுக்குள் தம் குரலோடு வரத்தக்கவரா என்பதே அங்கு எழுந்த கேள்வி. அவ்விவாதத்தில் பேச்சு வழக்கே வென்றது. இன்று புனைகதையில் அதற்குத் தடை கூறுவோர் அரியர். எனவே அடுத்த கேள்வியை எழுப்புவது பொருத்தமாகும்: இவ்வாறு பெற்ற உரிமை எவ்வாறு பயன்படுத்தப்படுகின்றது?

4. ஒலிப்பு எழுத்தின் எல்லை

பேச்சை அப்படியே எழுதுதல் என்பது தமிழ் எழுத்து முறையில் இயலாத ஒன்று. 'அவன்', 'மரம்' போன்ற சொற்களின் இறுதி மெல்லெழுத்து பேச்சில் தனித்து ஒலிப்பதில்லை. முன்னுள்ள உயிரே மூக்கொலி பெறுகின்றது. இம்மூக்குயிர்க்குத் தமிழில் எழுத்து இல்லை. 'அவன்' என்று எழுதினால் எழுத்து வழக்காகின்றது. 'அவ' என்று எழுதினால் 'அவள்' என்பதன் பேச்சு வடிவமாகிவிடுகின்றது. எனவே எழுத்தாளர் பேச்சின் சில கூறுகளைத் தேர்ந்து எழுதுகின்றார். ஏனையவற்றை வாசகர் தம் செவியால் நிரப்பிக்கொள்கின்றார்.

தேர்வு என்று ஆனபின், யாருடைய பேச்சில் எதனைத் தேர்வது என்னும் கேள்வி தவிர்க்க முடியாததாகின்றது. சார்லஸ் பெர்குசன் 1959இல் இரட்டை வழக்கு பற்றிய தம் கட்டுரையை வெளியிட்டபின், மு. சண்முகம் பிள்ளை, பிரான்சிஸ் பிரிட்டோ முதலியோர் தமிழின் இரட்டை வழக்கை விரிவாக ஆராய்ந்துள்ளனர். அவ்வாய்வுகளால் தெளிவாகும் அடிப்படைச் செய்தி ஒன்று: எழுத்துத் தமிழை வீட்டில் தாய்மொழியாகப் பேசுவோர் எவரும் இலர். பேராசிரியரும் நிலவுடைமையாளரும் அலுவலரும் வீட்டில் 'வந்துட்டான்' என்றே கூறுவர்.

இவ்வுண்மையோடு பல புனைகதைகளின் நடைமுறையை ஒப்பிட்டால் ஒரு முரண் புலப்படுகின்றது. பண்ணையார் 'அவன் வந்துவிட்டானா?' என்று வினவ, பண்ணையாள் 'வந்துட்டானுங்க' என்று விடை கூறுவதாக எழுதும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. இன்றும் முற்றிலும் மறையவில்லை. இருவரும் ஒரே ஊரில் பிறந்து ஒரே வட்டாரப் பேச்சைப் பேசுவோர். இருவருடைய 'விட்டு' என்பதும் பேச்சில் 'ட்டு' என்றே குறுகும். ஒருவருடைய பேச்சில் இக்குறுக்கத்தைக் காட்டி, மற்றவருடைய பேச்சில் மறைத்தால், அங்கே கிளைமொழி வேறுபாடு எதுவும் பதிவாவதில்லை. ஒருவர் இயல்பான மொழி பேசுவதாகவும் மற்றவர் அதிலிருந்து வழுவிப் பேசுவதாகவும் ஒரு தோற்றம் உண்டாக்கப்படுகின்றது. எழுத்தாளரின் பரிவு முழுவதும் பண்ணையாள் மீது இருப்பினும், பக்கத்தின் தோற்றம் அவரைத் தாழ்த்திவிடுகின்றது.

இவ்விரு தொடர்களிலும் உண்மையான வேறுபாடு 'ங்க' என்னும் மரியாதை விகுதியில் மட்டுமே உள்ளது. ஒருவர் அதனைக் கூறக் கடமைப்பட்டவர். மற்றவருக்கு அக்கடமை இல்லை. 'அவன் வந்துட்டானா?', 'வந்துட்டானுங்க' என்று இருவர் பேச்சையும் ஒரே வகையில் எழுதினால், அந்த ஒரு விகுதி தனித்துத் தெரியும். ஏற்றத்தாழ்வு மொழியின் எப்பகுதியில் உள்ளதோ அப்பகுதியிலேயே வாசகர் அதனைக் காண்பர். முன்னம் என்பதன் செயற்பாடு இதுவே.

5. முன்னிலையும் விளியும்

5.1 மூன்று படிநிலைகள். தமிழ் முன்னிலையில் நீ, நீர், நீங்கள் என மூன்று படிநிலைகள் உண்டு. இவற்றுள் 'நீர்' பெரும்பாலான கிளைமொழிகளில் அருகிவிட்டது. திருநெல்வேலி, குமரிப் பகுதிகளிலும் யாழ்ப்பாணத்திலும் அது வழங்குகின்றது. இவ்விடைப்படி தரும் வாய்ப்பைப் புதுமைப்பித்தன் 1943இல் வெளிவந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் முழுமையாகப் பயன்படுத்தியுள்ளார். சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் சந்தியில் கடவுளைச் சந்திக்கும் கந்தசாமிப் பிள்ளை, அவரை 'நீர்' என்றும் 'ஓய்' என்றும் விளித்துப் பேசுகிறார். பக்தி இலக்கியத்தில் இறைவன் பெரும்பாலும் 'நீ' என ஒருமையில் அழைக்கப்படுபவன்; அவ்வொருமை நெருக்கத்தின் ஒருமை. சமூக வழக்கில் பெரியோர் 'நீங்கள்' என அழைக்கப்படுவர். கந்தசாமிப் பிள்ளை இவ்விரண்டையும் கொள்ளவில்லை. பேரம் பேசத்தக்க, கேலி செய்யத்தக்க, எனினும் ஓரளவு மதிக்கத்தக்க சம வயதினர் ஒருவருக்குரிய இடத்தைக் கடவுளுக்கு அளிக்கிறார். கதையின் அங்கதம் முழுவதும் இம்முன்னிலைத் தேர்விலேயே நிலைகொண்டுள்ளது. அக்கதையின் எல்லாப் பேச்சு வடிவங்களையும் எழுத்து வடிவமாக மாற்றிவிட்டு, 'நீர்' என்பதை மட்டும் விட்டுவைத்தாலும் அங்கதம் பெரும்பாலும் எஞ்சும். பேச்சு வடிவங்களைக் காத்து 'நீர்' என்பதை 'நீங்கள்' ஆக்கினால் கதை சிதைந்துவிடும்.

5.2 முன்னிலை தவிர்ப்பு. மேற்கூறிய மூன்றனுள் எதனையும் தேர்ந்தெடுக்க இயலாத நிலையும் வாழ்வில் உண்டு. தந்தை கூலியாளாக இருந்த வீட்டிற்கு, படித்து வேலை பெற்ற மகன் ஒரு திருமணத்துக்கு அழைக்க வருகிறான் எனக் கொள்வோம். அவ்வீட்டுக்காரர் அவனைச் சிறுவயதில் 'வாடா' என்றவர். இப்போது 'வாடா' என்பது கூடாது. 'வாங்க' என்பதற்கு நா எழாது. அவர் 'எப்ப வந்தது?', 'சாப்பாடெல்லாம் ஆச்சா?', 'எங்க தங்கியிருக்கிறது?' என்று பேசத் தொடங்குவார். இத்தொடர்கள் எவற்றிலும் முன்னிலை விகுதி இல்லை. தொழிற்பெயரும் ஒன்றன்பால் வினையும் கேட்போரின் தகுதியைக் கூறாமலே பேச உதவுகின்றன.

தமிழ்ப் பேச்சில் மிகப் பரவலான இவ்வுத்தி, புதிய மணமக்களிடையேயும், அலுவலகத்தில் தமக்கு மேற்பதவிக்கு வந்த இளையவரிடம் மூத்தவர் பேசும்போதும் காணப்படும். ஒலிப்பு எழுத்தை மட்டும் கவனிக்கும் எழுத்தாளர் இதனைக் கைவிட்டுவிடுவர். கவனிப்பவரோ, ஒரு சமூக மாற்றத்தின் தயக்கத்தை விளக்கவுரை இன்றி மூன்று சிறு வினாக்களில் காட்டிவிட இயலும். கேட்பவன் அத்தவிர்ப்பை உணர்ந்து, தானும் முன்னிலையைத் தவிர்த்து விடை கூறுகின்றானா, 'நீங்க நல்லா இருக்கீங்களா?' என்று கூறி முந்திய ஒழுங்கை ஏற்கின்றானா என்பதில் கதையின் திருப்பமே அமையக்கூடும்.

5.3 விளிச்சொற்கள். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) நாவலில், தலித் மக்களுக்கே துணி வெளுக்கும் குடியைச் சேர்ந்த ஆரோக்கியம் அம்மக்களைச் 'சாமி' என விளிக்கின்றாள். சாதியமைப்பின் அடித்தளத்திலும் மேலொன்று கீழொன்று என்னும் படி உண்டு என்பதை ஆசிரியர் தம் கூற்றாக விளக்காமலே இவ்விளி உணர்த்துகின்றது. 'சாமி' என்னும் இதே சொல்லைத் தாயர் தம் குழந்தையைக் கொஞ்சும்போதும் வழங்குவர். அகராதிப் பொருளும் ஒலிப்பும் மாறாதிருக்க, கேட்போர் மாறுவதால் ஒரு சொல் அடிமை மொழியாகவும் அன்பு மொழியாகவும் ஆகின்றது.

பூமணியின் 'வெக்கை' (1982) நாவலில் கொலை செய்துவிட்டுத் தலைமறைவாகத் திரியும் சிறுவன் சிதம்பரம் தன் தந்தையை 'அய்யா' என அழைக்கின்றான். தென்மாவட்டங்களில் பல குடிகளில் தந்தையைக் குறிக்கும் இச்சொல், பிற இடங்களில் மேலாளரையோ ஆசிரியரையோ குறிக்கும். நாவலில் தந்தையும் மகனும் காட்டில் ஒளிந்து, உண்டு, உறங்கி, நிலத்தையும் பகையையும் பற்றிப் பேசிச் செல்கின்றனர். ஒரு பேரழிவின் நடுவிலும் அவர்கள் பேச்சு அன்றாடத் தன்மை குன்றாது செல்வதற்கு அவ்விளியின் இயல்பான மறுவரவும் காரணமாகும்.

6. ஆசிரியர் கூற்றில் மரியாதை

உரையாடல் என்பது மேற்கோள் குறிகளுக்குள் முடிந்துவிடுவதில்லை. பேச்சை அறிமுகம் செய்யும் வினை தமிழில் என்றான், என்றாள், என்றார் எனப் பாலும் உயர்வும் காட்டியே தீரும். ஆங்கிலக் கதைசொல்லி எல்லா மாந்தருக்கும் ஒரே வினைவடிவத்தைக் கொள்ள இயலும். தமிழில் கதைசொல்லி ஒவ்வொரு முறையும் ஒரு தகுதித் தீர்ப்பு வழங்க வேண்டியுள்ளது. கதைமாந்தர் ஒருவரை மற்றவர் மதிப்பது அவர்கள் பொறுப்பு. 'என்றான்', 'என்றார்' என்பவை ஆசிரியரின் பொறுப்பு.

இப்பொறுப்பு பெரும்பாலும் கவனமின்றியே நிறைவேற்றப்படுகின்றது. ஒரே வயதுடைய இருவருள் நிலக்கிழார் 'என்றார்' எனவும், அவரிடம் பணிபுரிபவர் 'என்றான்' எனவும் எழுதப்படுவதைப் பல நாவல்களில் காணலாம். பால் வேறுபாடும் இவ்வாறே. 'அப்பா சொன்னார், அம்மா சொன்னாள்' என்பது தமிழ் உரைநடையில் ஊறிப்போன தொடரமைப்பு. தாயைப் போற்றும் கதையிலும் வினைமுற்று அவளை ஒருபடி கீழே நிறுத்துகின்றது. 'அம்மா சொன்னாள்' என்பதில் நெருக்கம் உண்டு என வாதிடுவோர் உளர். அவ்வாறாயின் தந்தைக்கு அந்நெருக்கம் ஏன் மறுக்கப்படுகின்றது என்னும் வினாவுக்கு விடை வேண்டும்.

இதிலிருந்து விலகும் வழிகளும் மொழிக்குள்ளேயே உள்ளன. பேசுவோர் யார் என்பது பேச்சினாலேயே விளங்குமிடத்துக் கூற்றுவினையை முழுவதும் விட்டுவிடலாம். 'என்று சொல்லிவிட்டு', 'என்று கேட்டபடி' என எச்சமாக்கினால் பாலும் உயர்வும் தோன்றா. ஆயினும் பின்வரும் முற்றுவினை அவற்றைக் கொண்டுவந்துவிடும். எல்லா மாந்தருக்கும் ஒரே படியைக் கொள்வதும் ஒரு முடிவே. எவ்வழியாயினும் அது அறிந்து செய்த தேர்வாக இருத்தல் வேண்டும்.

மேற்கோள் இடைச்சொல்லாகிய 'என்று' தரும் வாய்ப்பும் இங்கு எண்ணத்தக்கது. 'நான் வரவில்லை என்று சொன்னான்' என்னும் தொடரில் வராதவர் சொன்னவனாகவும் இருக்கலாம், கதைசொல்லியாகவும் இருக்கலாம். நேர்கூற்றுக்கும் அயற்கூற்றுக்கும் இடையே தமிழ் திடமான வேலி கட்டவில்லை. 'தான் வரவில்லை என்று சொன்னான்' என எழுதும்போது ஐயம் நீங்குகின்றது; ஆனால் மாந்தர் குரல் தேய்ந்து கதைசொல்லியின் குரல் மேலோங்குகின்றது. மேற்கோள் குறியிட்டு வரி பிரிக்கும் முறை அச்சு வழி வந்தது. 'என்று' வழியே குரல்களைக் கலக்கும் முறை மொழியின் இயல்பில் உள்ளது. ஊர்ப்பேச்சு, வதந்தி, பஞ்சாயத்து ஆகியவற்றை எழுதும்போது இரண்டாம் முறை மிகுந்த பயன் தரும்.

7. இடைச்சொற்கள்

பேச்சின் நுட்பத்தைச் சுமக்கும் மற்றொரு கூறு இடைச்சொல். 'அவன் வந்தான்' என்பது செய்தி. 'அவன் வந்தானாம்' என்பதில் பேசுவோர் அச்செய்திக்குப் பொறுப்பேற்கவில்லை. 'அவன்தானே வந்தான்' என்பதில் கேட்போர் மறுக்க இயலாதபடி கட்டப்படுகின்றார். 'அவனும் வந்தான்' என்பதில் சலிப்போ வியப்போ இருக்கலாம். 'அவனா வந்தான்?' என்பது ஐயமாகவும் இகழ்ச்சியாகவும் அமையும். குமரிப் பகுதியின் 'ஆக்கும்' என்னும் ஈறு, கூறும் செய்தியைக் கேட்போர் முன்பே அறிந்திருக்க வேண்டும் என்னும் குறிப்பை ஏற்றவல்லது.

இவை எழுத்து வழக்கிலும் உள்ளவை. ஆகவே பேச்சு ஒலிப்பு சிறிதும் இன்றி எழுதப்பட்ட உரையாடலும், இடைச்சொற்கள் பொருந்தி அமைந்தால், பேச்சாகவே ஒலிக்கும். மாறாக, ஒலிப்பு முழுவதும் பேச்சாக இருந்தும், ஒவ்வொரு தொடரும் முழுமையான எழுவாய், பயனிலையோடு, இடைச்சொல் இன்றி, கேட்போர் அறிந்த செய்தியையே அவருக்கு எடுத்துக் கூறுவதாக இருந்தால், அது வேடமிட்ட கட்டுரையாகவே தோன்றும். கதைப் பின்னணியை வாசகருக்கு உணர்த்த மாந்தர் வாயைக் கருவியாக்கும்போது இக்குறை நேர்கின்றது. அண்ணன் தம்பியிடம் 'நம்ம அப்பா செத்துப் பத்து வருசம் ஆச்சு' என்று கூறுவது செய்தியளவில் தம்பிக்குத் தேவையற்றது. 'பத்து வருசம் ஆச்சுடா' என்பதே சகோதரர் பேச்சு; எது நிகழ்ந்து என்பது அவர்களுக்குத் தெரியும், வாசகருக்கு அடுத்த பக்கத்தில் தெரிந்தால் போதும்.

8. மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்வன

மேற்கண்ட பகுப்பு மொழிபெயர்ப்பில் எதனை முதலில் காப்பது என்பதற்கு ஒரு வரிசையைத் தருகின்றது. தமிழ்க் கிளைமொழி ஒன்றுக்கு ஈடாகப் பெறுமொழியின் கிளைமொழி ஒன்றைக் கொள்ளும் முறை பெரும்பாலும் தோல்வியடைகின்றது. கரிசல் உழவர் வடக்கு இங்கிலாந்துப் பேச்சையோ, போஜ்புரியையோ பேசினால், வாசகர் மனத்தில் வேறொரு நிலமும் வேறொரு வரலாறும் தோன்றுகின்றன. கிளைமொழியை விடுத்துப் பொதுநடையில் பெயர்ப்பதில் இழப்பு உண்டு. ஆனால் உறவுக் கூறுகள் காக்கப்பட்டால் அவ்விழப்பு தாங்கத்தக்கதே.

இந்திய மொழிகளிடையே பெயர்ப்போருக்கு வசதி மிகுதி. இந்தியில் தூ, தும், ஆப் என்றும், வங்காளியில் துய், துமி, ஆப்னி என்றும் மூன்று படிகள் உள்ளன. கன்னடத்தில் நீனு, நீவு என இரண்டு. ஆயினும் எண்ணிக்கை ஒத்திருப்பதால் பயன்பாடும் ஒத்திருக்கும் எனக் கொள்ளுதல் தவறு. வங்காளியின் 'துமி' கணவன் மனைவியரிடையே இருவழியும் வழங்கவல்லது. தமிழ்க் குடும்பங்களில் மனைவி 'நீங்க' என்றும் கணவன் 'நீ' என்றும் கூறுவது நெடுங்கால வழக்கம். ஒருபால் மரியாதையை இருபால் சமன்மையாகப் பெயர்த்தால், ஒரு குடும்பத்தின் வரலாறே மாறிவிடும். வங்காளியிலிருந்து நேரடியாகத் தமிழாக்கிய த.நா. குமாரசாமி, த.நா. சேனாபதி போன்றோர் முன் இப்படிகள் மூலத்திலேயே இருந்தன. ஆங்கிலம் வழியே பெயர்ப்போருக்கு அவை கிடைப்பதில்லை. இருவர் பேச்சு எந்த வரியில் 'நீங்கள்' என்பதிலிருந்து 'நீ' என்பதற்கு மாறிற்று என்பதை ஆங்கிலப் பெயர்ப்பு பெரும்பாலும் மறைத்துவிடுகின்றது. இரு படிகள் உள்ள ருஷ்ய மொழி நாவல்களை ஆங்கிலம் வழியே தமிழாக்கும்போதும் இதே இடர் உண்டு. இடைமொழி வழிப் பெயர்ப்பின் குறை சொல்வளத்தில் உள்ளதைவிட இங்கேயே மிகுதி.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்ப்போர் உறவுப் பெயர்களையும் விளிகளையும் அவ்வாறே வைத்துக்கொள்ளும் போக்கு இன்று பரவலாக உள்ளது. இது ஏற்கத்தக்கதே. ஆனால் படிமாற்றம் நிகழும் இடத்தில் இது மட்டும் போதாது. சினத்தில் 'நீங்க' என்பது 'நீ' ஆகும் வரியில், பெயர்ப்பாளர் விளியைக் கைவிடலாம். பெயரைச் சொல்லி அழைக்கச் செய்யலாம். தொடரைக் குறுக்கிக் கட்டளையாக்கலாம். கேட்போரின் உடனடி எதிர்வினை மூலத்தில் இருந்தால் அதனை அழுத்தலாம். முன்னிலை தவிர்ப்பைப் பெயர்க்க, கேட்போரைச் சுட்டாத குறுந்தொடர்களைத் தொடர்ந்து அமைக்கலாம். இவற்றுள் எதுவும் சொல்லுக்குச் சொல் ஈடாகாது. எனினும் பேசுவோர் கேட்போர் இடையே ஏதோ மாறிற்று என்பதை வாசகர் உணர்வர்.

ஆசிரியர் கூற்றுக்கும் உரையாடலுக்கும் இடையிலான இடைவெளியும் பெயர்ப்பில் கருதப்பட வேண்டும். வங்காளியில் நாவலின் ஆசிரியர் கூற்று சாது நடையிலும் உரையாடல் சலித் நடையிலும் அமைந்த காலம் ஒன்று இருந்தது. 1914இல் தொடங்கிய 'சபுஜ் பத்ர' இதழைச் சார்ந்த இயக்கத்துக்குப் பின், தாகூரின் 'கரே பாய்ரே' (1916) போன்ற நாவல்களில் ஆசிரியர் கூற்றும் சலித் நடைக்கு மாறிற்று. தமிழில் அத்தகைய பொது மாற்றம் நிகழவில்லை. ஆசிரியர் கூற்று எழுத்து வழக்கிலும் உரையாடல் பேச்சு வழக்கிலும் அமைவதே இன்றும் பெருவழக்கு. இதனால் கதை சொல்பவர் ஓர் உலகத்தையும் பேசுவோர் மற்றோர் உலகத்தையும் சார்ந்தவர் போல் தோன்றும் நிலை நீடிக்கின்றது. பாமாவின் 'கருக்கு' (1992) இவ்விடைவெளியை நீக்கி, கூற்று முழுவதையும் பேச்சு வழக்கில் அமைத்தது. தன் சமூகத்தைப் பற்றித் தன் சமூகத்தின் மொழியிலேயே கூறும் உரிமை அங்கு நிலைநாட்டப்பட்டது. கன்னடத்தில் தேவனூர் மகாதேவ 'குசுமபாலெ' (1984) நாவலில் செய்ததும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. இத்தகைய நூல்களைப் பெயர்க்கும்போது உரையாடலை மட்டும் தளர்ந்த நடையில் அமைத்து, கூற்றைச் செம்மையான நடையில் அமைத்தால், ஆசிரியர் இடித்த சுவரைப் பெயர்ப்பாளர் மீண்டும் கட்டியவராவார்.

9. முடிவுரை

ஒலிப்பு எழுத்தைப் பயன்படுத்தல் கூடாது என்பது இக்கட்டுரையின் முடிவன்று. அது போராடிப் பெற்ற உரிமை. நிலத்தின் மணத்தையும் குரலின் வேகத்தையும் வாசகர் செவிக்குக் கொணரும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆயின் அவ்வுரிமை எல்லா மாந்தர்க்கும் ஒரே அளவில் வழங்கப்பட வேண்டும். பண்ணையாள் பேச்சில் குறுகும் 'விட்டு' பண்ணையார் பேச்சிலும் குறுக வேண்டும். அவ்வாறு செய்தபின் எஞ்சி நிற்கும் வேறுபாடுகளாகிய முன்னிலைப் படிகள், தவிர்ப்புகள், விளிகள், இடைச்சொற்கள், கூற்றுவினைகள் ஆகியவையே மாந்தர் உறவின் மெய்யான தடயங்கள்.

திறனாய்வாளர் ஓர் உரையாடலை மதிப்பிடுமிடத்து, அது பேச்சு போல் ஒலிக்கின்றதா என்பதோடு, அதனை அவர் அவரிடம் கூறத்தக்கவரா என்பதையும் வினவுதல் வேண்டும். மொழிபெயர்ப்பாளரும் ஒரு நாவலை எடுத்துக்கொண்டவுடன், அருஞ்சொற்பட்டியல் தயாரிப்பதற்கு முன், எந்த மாந்தர் எந்த மாந்தரை எவ்வாறு அழைக்கின்றார், அவ்வழைப்பு எந்தப் பக்கத்தில் மாறுகின்றது என்பதற்கு ஓர் அட்டவணை அமைத்துக்கொள்வது நலம். அருஞ்சொல்லுக்குப் பொருளை அகராதியிலோ அவ்வட்டாரத்தவரிடமோ கேட்டு அறியலாம். 'நீங்க' என்பது 'நீ' ஆன வரி கவனிக்கப்படாது போனால், அது விடுபட்டது என்பதே பெயர்ப்பைப் படிப்போர்க்குத் தெரியாது.